வாசனை தெரியாதவர் சிம்னி துடைத்த மதியம்

மரக்காணத்தில் எங்கள் வீடு உப்பளத்தைப் பார்த்த கடைசி வரிசையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தபோது வாணலியில் தீப்பிடித்தது. தீ மேலே எழும்பி, அடுப்புக்கு மேலிருந்த சிம்னியைத் தொட்டது. அதன் பில்டரில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கும் பற்றிக்கொண்டது. நான் சொம்புத் தண்ணீரை எடுத்தேன். கணவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கேஸை மூடினார், சிம்னியின் சுவிட்சை அணைத்தார், வாணலியின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தார். பில்டரில் இருந்த தீ மட்டும் மெல்ல ஊர்ந்து, யாரோ விளக்கை ஒவ்வொன்றாக அணைப்பதுபோல அடங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வானூரில் கணவரின் அலுவலகத்தில் ஒருவர், சிம்னி சுத்தம் செய்பவரின் நம்பரைக் கொடுத்தார். புதன்கிழமை மதியம் அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். குயிலாப்பாளையத்து விருந்தினர் விடுதிகளில்தான் தனக்கு அதிக வேலை என்றார். பில்டர்களைக் கழற்றி, சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டார். பிறகு ஏணி போட்டு வெளிச்சுவரில் ஏறி, புகை வெளியேறும் வாயைப் பார்த்தார். உப்புக் காற்றில் அதன் மூடி துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. போக வழியில்லாத புகை முழுவதும் குழாய்க்குள்ளேயே பிசுக்காகப் படிந்திருக்கிறது என்று விளக்கினார்.

அந்த மூடியையும் குழாயையும் கழற்றியதும் சுவரில் வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியே உப்பளம் தெரிந்தது. வெயிலில் பாத்திகள் வெள்ளையாக மிதந்தன. தூரத்தில் நடந்தவர்கள் கால் இல்லாமல் போவதுபோல இருந்தார்கள். அந்த வட்டத்துக்குள்ளிருந்து காற்று சமையலறைக்கு வந்தது. பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிட்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

குழாயைத் துடைத்து முடித்த அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"எண்ணெய் வாடை இன்னும் அடிக்குதான்னு பாத்து சொல்லுங்கக்கா. எனக்கு வாசனை தெரியாது."

காய்ச்சல் ஒன்று வந்து போனபோது மூக்கும் போய்விட்டதாம். வீட்டில் கேஸ் கசிகிறதா என்று தினமும் மனைவிதான் பார்க்கிறார். இந்த வேலையில் அது பெரிய குறையாச்சே என்றேன். அதனால்தான் போகிற வீட்டிலெல்லாம் கேட்டுவிடுகிறேன் என்றார்.

குழாயை முகர்ந்தேன். சோப்பு வாசனை மட்டும் இருந்தது. சொன்னேன். அவர் குழாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சுவர் ஓட்டையைக் காட்டி, அதுல என்ன வருது என்று கேட்டார்.

பத்து வருஷமாக மூச்சில் இருப்பதற்கு என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். ஈரச் சேறு, நனைந்த இரும்பு, அடியில் லேசாக அழுகின பாசி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண் திறந்தபோது அவரும் கண்ணை மூடியிருந்தார்.

பிறகு புது மூடி போட்டார், கழற்றியதையெல்லாம் திரும்பப் பொருத்தினார். மாதம் ஒருமுறை பில்டரை வெந்நீரில் கழுவ வேண்டும் என்றும், எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது என்றும் இரண்டு தடவை சொல்லிவிட்டு பைக்கில் போனார். அன்று மாலை கணவரிடம் வேலை நன்றாக முடிந்தது என்று மட்டும் சொன்னேன். கொத்தமல்லியை, சலவைத் துணியை, கதவுத் தாழ்ப்பாளைக்கூட முகர்ந்து பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து சிம்னி துடைத்தவரே போன் செய்தார்.

"அக்கா, வாசனை வருதுக்கா. ஆனா எல்லாமே ரப்பர் எரியற மாதிரி இருக்குது. டாக்டர் போகப் போக சரியாவும்னு சொல்லிட்டாரு."

காபி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதுவும் ரப்பர்தான் என்று சொல்லிச் சிரித்தார்.