அளவுப் படம்

என் சகலையை நினைத்தால் முகத்துக்கு முன்னால் உள்ளங்கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. வலது கையைக் காதோரம் உயர்த்தி, உள்ளங்கையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, கோர்ட்டில் சத்தியம் செய்யப் போகிறவர் மாதிரி நிற்பார். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்து ஆற்றுப் படியில், பெரிய கடை வீதியில் பூட்டிய கடைகளின் முன்னால், காவிரிப் பாலத்து நடைபாதையில், எங்கே நின்றாலும் அதே நிற்பு. கட்டைவிரலுக்குக் கீழே வெல்டிங் பொறி பட்ட ஒரு பழைய தழும்பு பளபளக்கும். "எடுங்க சகல, வெளிச்சம் ஓடுது" என்பார். நான் எடுப்பேன். எடுத்த கையோடு அழித்தும் விடுவேன்.

அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, வீடும் அங்கேயே. எனக்குத் தில்லை நகரில் மருந்துக் கடை. பல வருஷம் நாங்கள் இருவரும் விசேஷ வீடுகளில் பார்த்தால் சிரித்துக்கொள்கிற சகலைகள், அவ்வளவுதான். அக்காவும் தங்கையும் பேசித் தீர்க்கும்வரை காலி காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். ஒரு பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது, புதிதாக வாங்கியிருந்த டிஜிட்டல் கேமராவைப் பெருமைக்காக எடுத்துப் போயிருந்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், உள்ளே போய் ஒரு தோல் உறையோடு வந்தார். உறைக்குள் பழைய ஃபிலிம் கேமரா. முழுக்க இரும்பு, கையில் வாங்கினால் கல்லைத் தூக்கியதுபோல் கனம். அன்று மாலை வரை நாங்கள் பேசியதைப் பார்த்து எங்கள் மனைவிமாருக்கே ஆச்சரியம். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு காலை எங்களுடையதாகிவிட்டது. "ஸ்ரீரங்கத்துக்குப் போயி பெருமாளப் பாக்காம வெயிலப் பாத்துட்டு வர்றது நீங்க ரெண்டு பேருதான்" என்று அக்கா கேலி செய்வார். மனைவியின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அவருடைய கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் முள் எப்போதோ செத்துப் போயிருந்தது. அளவு தப்பினால் படம் கருத்துவிடும், இல்லையென்றால் வெளுத்துவிடும். ஃபிலிமில் எடுத்த உடனே பார்க்கவும் முடியாது. ஃபிலிம் விற்கிற விலையில் எடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் முடியாது. என் கேமராவுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் எங்களுக்குள் ஒரு முறை உண்டாயிற்று. தான் படமெடுக்க நினைத்த இடத்து வெளிச்சத்தில் அவரே போய், முகத்தோடு உள்ளங்கையையும் காட்டிக்கொண்டு நிற்பார். நான் ஒன்றிரண்டு எடுத்து, தோலின் நிறம் திரையில் சரியாக விழுந்ததும், ஷட்டர் வேகம், லென்ஸ் துளை என்று இரண்டு எண்களைப் படிப்பேன். "இருநூத்தம்பது... எட்டு." அவர் தன் கேமராவில் அதே எண்களைத் திருகி வைத்துக்கொண்டு, சற்றுமுன் தான் நின்ற இடத்தை, தான் இல்லாமல் படமெடுப்பார். அந்த நேரத்தில் நான் குனிந்து அவரை அழித்துக்கொண்டிருப்பேன்.

அளவுப் படம் என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். தொடக்கத்தில், அழிக்கட்டுமா என்று நான் கேட்டபோது, "அளவெடுத்த டேப்ப சட்டையோட சேத்தா தைக்கிறாங்க? அழிங்க சகல" என்றார். எனக்கும் அது தோதாக இருந்தது. கடையில் காலாவதியான மாத்திரை அட்டைகளை வாராவாரம் பொறுக்கி எடுத்துவிடுகிற கை என்னுடையது. வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது கோபுரமும் ஆறும் மலைக்கோட்டையும் மட்டும் வரிசையாக வரவேண்டும். நடுவில் ஓர் ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. அந்தச் சுத்தத்தில் எனக்கு அப்படி ஒரு கர்வம்.

ஆனால் அந்த அளவுப் படங்களில்தான் அவர் சிரித்தார். வேறு யார் கேமராவை நீட்டினாலும் விறைத்துப் போவார். குடும்ப விசேஷங்களில் படமெடுக்கிற பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டதே, படத்தில் நிற்காமல் தப்பிக்கத்தான் என்று நினைக்கிறேன். கையைத் தூக்கி நிற்கும்போது மட்டும், இது கணக்கில் வராத படம் என்பதால், முகம் இளகிவிடும். அம்மா மண்டபத்தில் ஒரு பூக்காரம்மா, "என்ன சார், கைரேகையா பாக்குறீங்க?" என்று கேட்டார். "ஆமாம்மா, சகல பாத்துச் சொல்றாரு, எனக்கு வெளிநாடு போற யோகம் இருக்காம்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு, மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் உள்வாங்கியிருப்பதுவரை, என் திரையில் தெளிவாக விழுந்தது. நூற்றிருபத்தைந்து, எட்டு என்றேன். அழித்தேன்.

ஒரு ஞாயிறு மட்டும் மாறியது. மார்கழி முடிந்த சமயம். வெள்ளைக் கோபுரத்துக்கு முன்னால் வழக்கம்போல் நின்று அளவு கொடுத்தவர், நேராகத் தன் இடத்துக்குப் போகாமல் என் தோளருகே வந்து, "காட்டுங்க, பாப்போம்" என்றார். காட்டினேன். அதிகாலை வெயில் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. பின்னால் கோபுரம் மங்கலாக வெளுத்து நின்றது. உண்மையிலேயே நல்ல படம். அவர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தார். "பரவால்லியே, மனுஷன் மாதிரி இருக்கேன். இத வேணா வச்சுக்குங்களேன்" என்றார். அன்று எனக்கு என்ன குறும்போ, "டேப்ப சட்டையோட சேத்தா தைக்கிறாங்க, அண்ணே?" என்று அவர் வசனத்தையே திருப்பிப் போட்டு, அவர் பார்க்கப் பார்க்கவே கட்டைவிரலால் அமுக்கினேன். அவர் சத்தமாகச் சிரித்தார். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். சரியான பதிலடி கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் நானும் இருந்தேன்.

மறுவருஷம், வேலைக்குப் போகப் பேருந்துக்கு நின்றிருந்த இடத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. சாவு வீட்டில் முதலில் தேடுவது படத்தைத்தான். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையிலிருந்து போன் மேல் போன். படமெடுத்து வைத்திருக்க அவருக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளும் இல்லை. கல்யாண ஆல்பத்தில் இருந்தவர் ஒட்டிய கன்னமும் பெரிய மீசையுமாக வேறு யாரோ. அப்போது கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்கதானே ஞாயித்துக்கிழம ஆனா கேமராவும் கையுமா அவரோட சுத்துனீங்க, ஒரு நல்ல படமாக் குடுங்க" என்றார் ஒரு பெரியவர். நான் வீட்டுக்கு ஓடிக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திருச்சி முழுக்க அதில் இருந்தது. எங்கள் இருவருக்கும் டீ போட்ட டீக்கடைக்காரர்கூட இருந்தார். என் சகலை மட்டும்தான் இல்லை. கடைசியில் தொழிற்சாலை அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கினார்கள். முறைத்துப் பார்க்கிற ஒரு ஆள். மாலை போட்டு வைத்ததும் அக்கா அதைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காரியம் முடிந்த மறுவாரம் அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "கை தூக்கிக்கிட்டு நிப்பேன், சகல எடுப்பாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு தம்பி. அதுல ஒண்ணு குடுங்க. வருஷத் திதிக்குள்ள மாத்திடணும். இந்தப் படத்துக்கு வெளக்கேத்த எனக்கு மனசே வரல." நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாத்தையும் அழிச்சாச்சுக்கா. அண்ணன்தான் அழிக்கச் சொன்னாரு" என்றேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் பழியை வாய் திறக்க முடியாதவர் தலையில் போட்டுவிட்டு நான் நகர்ந்துகொண்டேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. வெள்ளைக் கோபுரத்து ஞாயிற்றுக்கிழமை தொண்டை வரை வந்தது, சொல்லவில்லை. "அவரு சொன்னாலும், ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கலாம்" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம், அழிந்த படங்களை மீட்டுத் தருகிறேன் என்று போர்டு வைத்த ஒரு கடைக்கு மெமரி கார்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் ஒரு நாள் பூராவும் போராடினார். "மேல மேல எழுதியிருக்கீங்க சார், அடியில ஒண்ணும் நிக்கல" என்றார். ஒரே ஒரு படம் பாதியாக வந்தது. மேலே வானம், ஓரத்தில் நான்கு விரல் நுனிகள். அதற்குக் கீழே, முகம் இருக்கவேண்டிய இடம் முழுக்கச் சாம்பல் நிறப் பட்டை. அதை நான் அக்காவுக்குக் காட்டவில்லை.

வருஷத் திதிக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா வீட்டு ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்தபோது, முட்டை வைக்கும் தட்டில் சில ஃபிலிம் ரோல்கள் கிடைத்தன. எடுத்து முடித்து, கழுவக் கொடுக்காமல் வைத்திருந்தவை. கெடாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைப்பது அவர் வழக்கம். சென்னையில் இன்னும் ஃபிலிம் கழுவுகிற ஓர் இடத்துக்கு அனுப்பி வைத்தேன். பார்சல் அக்கா வீட்டுக்கே வந்தது. "கொஞ்சம் வந்துட்டுப் போங்க தம்பி" என்று போன் செய்தார்.

போனபோது சாப்பாட்டு மேஜையில் சில படங்களைத் தனியாகப் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் நான். ரோல் முடிகிற இடத்தில் ஒரு ஃபிரேம் மிஞ்சும். அதை எங்காவது ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் சுருளைத் திருப்பிச் சுற்றும் சத்தம் என் காதில் விழும். மிச்சத்தைத் தீர்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மிச்சத்தை அவர் என் மேல் செலவழித்திருக்கிறார். அக்கா பழைய நெகட்டிவ்களையும் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அவற்றிலும் கடைசியில் குனிந்த தலையோடு ஓர் ஆள். காசு செலவில்லாத என் கேமராவில் அவருக்கு ஒரு படம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தனை விலை கொடுத்து வாங்கிய ஃபிலிமில், ரோலுக்கு ஒன்று அவர் எனக்காக வைத்திருக்கிறார்.

"ஒண்ணுலகூட நீங்க நிமிரலையே தம்பி" என்றார் அக்கா. "எல்லாத்துலயும் குனிஞ்சு அப்படி என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. மேஜையில் கிடந்த படங்களில் என் கட்டைவிரலைப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் அது அதே பொத்தானின் மேல் இருந்தது.

"அழிச்சுக்கிட்டிருக்கேன்க்கா" என்றேன். "அண்ணனத்தான்."

பிறகு வெள்ளைக் கோபுரத்தையும் சொன்னேன். வச்சுக்குங்களேன் என்று அவர் கேட்டதை, நான் சொன்ன பதிலை, அவர் சிரித்ததை, எதையும் விடாமல் சொன்னேன். அக்கா ஒரு படத்தைக் கையில் எடுத்து, அதில் என் கைக்குள் இருந்த சின்னக் கேமராவை விரலால் தொட்டார்.

"அப்ப இந்த நேரத்துல அவரு இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்காரு?"

"ஆமாக்கா."

"சிரிச்சுக்கிட்டா?"

"சிரிச்சுக்கிட்டுத்தான்க்கா."

"அப்ப இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில், முறைத்துப் பார்க்கிற அடையாள அட்டைப் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு நான் தொங்குகிறேன். விளக்கு இரண்டுக்கும் பொதுவாக எரிகிறது. உயிரோடு இருக்கிற ஆளுக்கு இது என்ன கூத்து என்று என் மனைவி சண்டை போட்டுப் பார்த்தாள், அக்கா கேட்கவில்லை. நான் போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன். அவருடைய கேமராவை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஞாயிறு காலையில் இரண்டு கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா மண்டபத்துக்குப் போகிறேன். அளவுக்கு நிற்க ஆள் கிடையாது. என் இடது கையையே வெயிலில் நீட்டி, உள்ளங்கையைத் திருப்பி, எடுத்துப் பார்த்து எண்களைப் படித்துக்கொள்கிறேன். பக்கத்தில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு ஓடுகிறது. அவற்றில் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. கார்டு முழுக்க என் கைதான் இருக்கிறது.