வாயைப் பார்த்து வாசித்த பிள்ளை

கற்பிட்டிக் கரையில் மீன் ஏலத்தில் என்னை வென்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் வயதாகி மௌத்தாகிவிட்டார். மற்றவர் இப்போது தன்னுடைய மீனை எனக்குத்தான் கொண்டுவந்து தருகிறார். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த சாரத்தோடு வந்து, தில்லையடி அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் கிடந்தவன் நான். இன்று மீன் காயப்போடுகிற மூன்று கருவாட்டு வாடியும் இரண்டு லொறியும் என்னுடையவை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டடத்துக்கு நான் போட்ட கூரைதான் இருக்கிறது. படித்தது மட்டும் மூன்றாம் வகுப்பு. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள்.

ஏலம் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மணலில் மீனைக் குவித்துவிட்டு ஏலக்காரன் கூவுவான். அவன் வாய் மூடுவதற்குள் நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு மூச்சு யோசித்தால் மீன் அடுத்தவனுடைய லொறியில் ஏறிவிடும். இருபது வருடத்துக்கு மேலாக என் நாக்கை நான் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தேன். எங்கே ஓர் இடைவெளி விழுகிறதோ அங்கே என் குரல் போய் விழும். அந்த நாக்குத்தான் என் பேத்தியின் வாயை அடைத்தது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவளுக்கு ஆறு வயது முடிந்து ஏழு நடந்தது, இரண்டாம் தரம். தகப்பன் கட்டாரில் வேலை, அதனால் தாயும் மகளும் என்னோடு. எங்கள் ஆட்களில் தகப்பனை வாப்பா என்போம், பாட்டனை அப்பா என்போம். அவளுக்கு நான் அப்பா.

பள்ளிக்கூடம் விட்டால் நேரே வாடிக்குத்தான் வருவாள். தராசுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, வாசிப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து உட்கார வைப்பேன். பெண்கள் பாயில் காயும் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் வாசிப்பாள். ஒரு சொல்லில் நின்றால் நான் உடனே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவேன். நான் சட்டென்று வாசிக்கிறவன் அல்ல. ஆனால் பிள்ளைகளுடைய புத்தகம், எழுத்துப் பெரிது, பக்கத்துக்கு மூன்று வரி, படமும் இருக்கிறது. அவள் என் சொல்லை வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போவாள். இரண்டு மாதத்தில் தங்குதடையின்றி ஓடியது வாசிப்பு. என் பேத்தி அல்லவா என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், வவுனியாவிலிருந்து ஒரு வியாபாரி சரக்குப் பார்க்க வந்தார். யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் நேரடியாகவே வந்துபோனார்கள். நான் சரக்கைக் காட்டுவதற்கு முன் பேத்தியைத்தான் காட்டினேன்.

"இவ வாசிக்கிறதக் கேளுங்க. ரெண்டாம் வகுப்புத்தான்."

யானை குளத்துக்குப் போன கதை. கணீரென்று தொடங்கினாள். நாலாவது வரியில் காற்று வந்து புத்தகத்தில் இரண்டு தாளைப் புரட்டிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. யானை குளத்தில் இறங்கியது, தும்பிக்கையால் தண்ணீர் எடுத்தது, குட்டியின் மேல் ஊற்றியது. திறந்திருந்த பக்கத்தில் ஒரு மாடு வைக்கோல் தின்றுகொண்டு நின்றது.

எழுத்தை வைத்து நான் கண்டுபிடிக்கவில்லை, படத்தை வைத்துத்தான் கண்டேன். வேறு யாரும் பார்த்திருக்கக் கூடாது என்று மனதுக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் பாயில் குந்தியிருந்த ஒரு பெண் கண்டுவிட்டாள். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து வருடக்கணக்காக என் வாடியில் வேலை செய்கிறவள், வாய் நீளம்.

"முதலாளி, பிள்ளை இன்னும் யானையில நிக்குது. புத்தகத்தில மாடெல்லோ நிக்குது!"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சூடு ஏறிவிட்டது. "என்ன புள்ள இது? இதில என்ன எழுதியிருக்கு? வாசிங்க பாப்பம்!" என்று ஏலக் குரலில் கத்திவிட்டேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். எனக்கும் அவசரத்தில் அந்த முதல் சொல் பிடிபடவில்லை. என் வாயிலிருந்து ஒன்றும் விழவில்லை. வியாபாரி நிலைமையைச் சமாளிக்கச் சிரித்தார்: "பரவால்ல ஹாஜியார், பேத்தி உங்கள மாதிரித்தான். எல்லாம் மனப்பாடம்."

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். என் வாழ்க்கையில் எதையாவது திருப்பி வாங்கிவிட முடியுமானால் அந்தச் சிரிப்பைத்தான் வாங்குவேன்.

அடுத்த நாள் காலையில் அவளுக்கு வயிற்று வலி. அதற்கடுத்த நாளும் வயிற்று வலி. வெள்ளிக்கிழமை பகல் இரண்டு துண்டுப் பாண் கேட்டுச் சாப்பிட்டாள், சனி ஞாயிறு பூனையோடு விளையாடினாள், திங்கட்கிழமை காலை மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். டொக்டர் ஒன்றுமில்லை என்றார். புத்தகப் பை அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

"வாப்பா, நீங்க புள்ளய ஏலத்தில வெச்சிட்டீங்க," என்றாள் மகள்.

"நான் சொல்லிக் குடுத்தது பிழையா? யார் இப்பிடிப் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுக்கிறாங்க?"

"அதான் பிழை. எனக்கும் இப்பிடித்தான் செஞ்சீங்க. எனக்கு உம்மா இருந்தா. உங்களக் கடலுக்கு அனுப்பிட்டுத்தான் புத்தகத்தத் தொடுவா."

இதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். எழுதிக்கொண்டிருக்கும் மகள் இந்த இடத்தில் சிரிக்கிறாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் வறுமை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து மேடையில் நின்றும் அதையே சொன்னேன், கைதட்டினார்கள். வறுமை இருந்தது, பொய்யில்லை. ஆனால் என் தம்பிமார் அதே வறுமையில் எட்டாம் வகுப்பு வரை படித்தார்கள். நான் நின்றது பாடப் புத்தகத்தில் ஒரு பந்தியால், நாலைந்து வரியால். எழுந்து வாசிக்கச் சொன்னார்கள், நடுவில் நின்றுவிட்டேன், வகுப்பு சிரித்தது. மறுநாள் எனக்கும் வயிற்று வலிதான். நாலு நாள் பார்த்துவிட்டு வாப்பா என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டார்.

ஆகவே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தத் தோணிதான் ஞாபகம் வந்தது. இவள் தோணியில் ஏறப்போவதில்லை. ஆனால் வந்த கடிதத்தையெல்லாம் அடுத்தவரிடம் நீட்டி, "கண்ணாடி வீட்டில, கொஞ்சம் பாருங்க" என்று ஆயுள் முழுவதும் பொய் சொல்லிக்கொண்டு திரியப்போகிறாளோ? என்னை மாதிரி?

கூரை போட்டுக் கொடுத்த மிடுக்கோடுதான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு டீச்சர் என் மகளைவிட வயது குறைந்தவர். என் மிடுக்கை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பேத்தியையும் என்னையும் பிள்ளைகள் உட்காரும் சின்ன வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, "மகள், தெரிஞ்சத வாசிங்க. ஹாஜியார், நீங்க வீட்டில செய்ற மாதிரியே செய்ங்க," என்றார்.

அவள் மெதுவாக ஒரு சொல் வாசித்தாள். இரண்டாவதை நான் சொன்னேன். மூன்றாவதையும் சொன்னேன்.

"ஹாஜியார், ஒரு நிமிஷம். புள்ளட கண் எங்க நிக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். என் வாயில் நின்றது.

பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டு டீச்சர் சொன்னார்: "அவவுக்கு எழுத்துத் தெரியும். தனக்குத் தெரியும்ங்கிறதுதான் அவவுக்குத் தெரியாது. நீங்க நேரம் குடுக்கல்லயே. ஒரு சொல்லில நின்டா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. பிழையா வாசிச்சாலும் விடுங்க, அவவே திரும்பி வருவா. ஆக்கள் முன்னால வாசிக்கச் சொல்லாதீங்க."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"செஞ்சு பாருங்க," என்றார். இன்னும் மூன்று வாரத்தில் காலைக் கூட்டத்தில் இந்த வகுப்பின் முறை வருகிறதாம். ஒரு பிள்ளைக்கு வாசிக்க மூன்று வரி. விரும்பினால் மட்டும், கட்டாயம் இல்லை.

பத்து எண்ணுவது. என்னைப் போல் ஒருவனுக்கு அதைவிடச் சுலபம் என்ன இருக்கிறது? ஆனால் மூன்று வரும்போதே நாக்கு எழும்பிவிடும். மூன்று எண்ணுகிற நேரத்தில் கரையில் ஒரு குவியல் மீன் கைமாறிவிடும். முதல் நாளே தோற்றேன், இரண்டாம் நாளும் தோற்றேன். பிறகுதான் வெற்றிலையை நினைத்தேன். வாய் நிறையக் குதப்பிக்கொண்டால் பேசுவதற்கு எழுந்து போய்த் துப்ப வேண்டும். அதற்குள் பத்து ஆகிவிடும்.

கதிரையை ஐஸ் பெட்டிக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்துக்கு மாற்றினேன். பெண்கள் விடவில்லை.

"முதலாளி வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டார் பாருங்கோ! ரெண்டு நாளா எங்களுக்கு ஒரு ஏச்சும் இல்லை."

கதிரை மாறிய பிறகு மூன்று நாள் அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நான் மென்றுகொண்டிருந்தேன், அவள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் திறந்து, படத்தைக் காட்டி, "இந்த மாடு மெலிவு," என்றாள். தலையை ஆட்டினேன். பிறகு ஒரு சொல். பிறகு ஒரு நிற்பு.

அந்த நிற்புகளைச் சொல்லத்தான் எனக்கு வார்த்தை இல்லை. யோசிக்கிறாளா, மூழ்குகிறாளா என்று வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது. கடலுக்குப் போன தோணி நேரத்துக்குத் திரும்பாதபோது இப்படி நின்றிருக்கிறேன். அப்போதுகூட இவ்வளவு வியர்த்ததில்லை. சில நாள் அவள் சொல்லைக் கண்டுபிடித்தாள். சில நாள் புத்தகத்தை மூடிவிட்டு ஓடிவிட்டாள். ஒருநாள் அழுதாள். வயிற்று வலி குறைந்தது, நிற்கவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "நான் வாசிக்கிறன்னு டீச்சர்ட்ட சொல்லிட்டன்," என்றாள். நான் வாயில் வெற்றிலையோடு தலையை மட்டும் ஆட்டினேன். எழுந்து போய்த் துப்பிவிட்டு, வேண்டாம் புள்ள, அடுத்த முறை பார்ப்போம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கூட்டம் நடந்த அன்று காலை முன்வரிசையில் மெத்தை வைத்த கதிரை எனக்காகக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் வெற்றிலை போட முடியாது. முன்னால் இருந்தால் அவள் நிற்கிற முதல் சொல்லிலேயே என் வாய் அசையும். அவள் அதைப் பார்ப்பாள். ஒலிபெருக்கியில் என்னை முன்னுக்கு அழைத்தார்கள். நான் கையை அசைத்து மறுத்துவிட்டு, தாய்மாருக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில், சட்டைப் பையிலிருந்த லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். முன் கதிரையை வேண்டாம் என்றது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

அவள் முறை வந்தது. தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், காற்று அதைப் படபடக்க வைத்தது. முதல் வரி சரியாகப் போனது. இரண்டாம் வரியில், "தோட்டத்தில்…" என்று நின்றாள்.

ஒன்று. இரண்டு. முன்வரிசையில் என் கதிரையைத் தேடினாள். அது காலி. நாலு. ஐந்து. முன்னால் நின்ற ஒரு தாய் உதவி செய்ய வாயெடுத்தார். டீச்சர் கையை உயர்த்தித் தடுத்தார். ஏழு. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. எனக்கு அறுபது வருடத்துக்கு முந்திய அந்த வகுப்பு காதுக்குள் கேட்டது. கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. ஒன்பது. பத்து. பதினொன்று.

அவள் தாளை முன்னாலிருந்த மேசையில் வைத்தாள். ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கை விரலைச் சொல்லின் மேல் வைத்தாள். "வண்… வண்டு…" என்றாள். இல்லை என்று தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "வண்ண… வண்ணத்து… வண்ணத்துப்பூச்சி பறந்தது."

இரண்டு வரியோடு போய் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது வரியை வாசிக்கவில்லை. கை தட்டினார்களா என்று எனக்கு நினைவில்லை. லேஞ்சி நனைந்திருந்தது.

பகல் பள்ளிக்கூடம் விட்டதும் லொறியின் முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். மூன்றாவது வரி என்னவாயிற்று என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கடல்நீர் உள்ளே வந்து நிற்கும் களப்போரம் புதிதாக ஒரு பெரிய பலகை நட்டிருந்தார்கள். அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"அப்பா, இப்ப நீங்க வாசிங்க."

கண்ணாடி வீட்டில் என்று சொல்ல வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை. "கண்டல்… மரங்களை…" என்றேன். அதற்கடுத்த சொல் நீளமாகக் கிடந்தது. அவளுக்கு அது தெரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல், பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் விரலை நீட்டி முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன்.