தன் முகாமுக்குத் தானே போன அன்பரசு

சிதம்பரத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் அன்பரசுவின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆடித் தள்ளுபடியா, தேர்த் திருவிழாவா, காணாமல் போன எருமையா, எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் அந்தக் குரல்தான் வரும். ஒரு தெருவில் இறந்தவருக்காகத் தழுதழுக்கும் குரல், அடுத்த தெருவில் பிரியாணிக் கடைத் திறப்பு விழாவுக்குச் சிரித்துக்கொண்டே அழைக்கும். இதில் அவருக்கு ஒரு சங்கடமும் கிடையாது. சொல்வது தன் வேலை, நம்புவது கேட்பவர் வேலை என்று பாகம் பிரித்து வைத்திருந்தார்.

அந்தப் பாகப்பிரிவினையில் ஏமாந்து போனது அவருடைய ஈறுதான்.

அண்ணாமலை நகர் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் தஹ்ஸீன் அவ்வப்போது ஏதாவது ஓர் ஊரில் இலவச முகாம் நடத்துவார். மூன்று வருடங்களுக்கு முன், முதல் முகாமுக்கு அவர் எழுதிக் கொடுத்ததை அன்பரசு கணீரென்று பேசிப் பதிவு செய்தார். “அன்பார்ந்த பொதுமக்களே! பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா? அது ஈறு நோயின் அறிகுறி! துலக்குவதை நிறுத்தாதீர்கள்! மென்மையான பிரஷால் காலையும் இரவும் துலக்குங்கள்! படிந்த காரையைச் சுத்தம் செய்தால் ஈறு பிழைக்கும், பல் நிலைக்கும்! நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள், இன்றே வாருங்கள்!” கூட்டம் அலைமோதியது. டாக்டருக்கு மகிழ்ச்சி, அன்பரசுவுக்குப் பெருமை.

மறுநாள் காலை பல் துலக்கும்போது கீழ்வரிசையில் ரத்தம் வந்தது. அன்பரசு உடனே பிரஷைக் கழுவி வைத்துவிட்டார். அடிபட்ட முழங்காலை யாராவது தேய்த்துக்கொண்டிருப்பார்களா? சும்மா விட்டால் தானாக ஆறும் என்பது அவர் கட்சி. அன்றிலிருந்து மேல்வரிசைக்கு மட்டும் பற்பொடி, கீழ்வரிசைக்கு நிரந்தர விடுமுறை. ரத்தம் நின்றதாகவே அவருக்குத் தோன்றியது. துலக்காத பல்லில் அது தெரியவா போகிறது?

காரையை எடுக்கவே கூடாது என்பதில் அவர் பிடிவாதம் இன்னும் கெட்டி. காரணம் மாமனார் சுப்புராயன். அந்த மனிதர் எங்கேயோ போய்ப் பல்லைச் சுத்தம் செய்துகொண்டார், சில நாளில் ஒரு பல் சோற்றோடு வந்துவிட்டது. அடியில் எலும்பு எப்போதோ கரைந்துவிட்டது, அந்தக் காரைதான் பல்லை ஒட்டுப் போட்டு நிறுத்தி வைத்திருந்தது என்று தஹ்ஸீன் ஒருமுறை பொறுமையாக விளக்கினார். அன்பரசு பவ்யமாகத் தலையாட்டினார். நன்றாக இருக்கிறதே என்று அடுத்த ஊரில் மைக்கிலும் சொன்னார். நம்பத்தான் இல்லை.

இதற்கிடையில் கீழ்வரிசை முன்பற்கள் ஆட ஆரம்பித்திருந்தன. “பக்கத்துல வந்து பேசாத, மைக்ல பேசிக்கோ” என்று மனைவி இசைவாணி முந்தானையால் மூக்கைப் பொத்துவாள். அது அவருக்கு உறைக்கவில்லை. முன்பல் விழுந்தால் காற்றுப் போகும், ‘ச’ வராது, ‘ச’ வராதவனைச் சேலைக் கடைக்காரன் எப்படிக் கூப்பிடுவான் என்ற பயம்தான் உறைத்தது. அந்தப் பயத்தில், ஆடும் பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டார். டாக்டரிடம் மட்டும் காட்டவில்லை.

ஸ்ரீமுஷ்ணம் முகாமன்றுதான் வினை வந்தது. ஆட்டோ ஓட்டுபவர் இசைவாணியின் அண்ணன் ராஜாமணி. தெருவெல்லாம் சுற்றிவிட்டு, முகாம் நடக்கும் கல்யாண மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நிறுத்தினார்கள். அன்பரசு மைக்கை அணைக்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.

“மாப்ளே, எனக்கும் ஈறு வீங்கிக் கெடக்கு. உள்ள போயி காட்டிட்டு வந்துடட்டுமா?” என்றார் ராஜாமணி.

“ஒனக்கென்ன பைத்தியமா மச்சான்? ஒங்க அப்பாருக்கு ஆனது மறந்துடிச்சா? சொரண்டுனா பல்லு ஆடிப்பூடும். நா ஊருக்குத்தான் சொல்றேன். எம்பல்லே ஆடுது, நா போறனா பாரு!”

கோயில் தெரு வரைக்கும் கேட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எதிரே மண்டபத்திலிருந்து டோக்கனும் கையுமாக ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

தஹ்ஸீன் வாசலுக்கு வந்தார். திட்டுவார் என்று அன்பரசு தலையைக் குனிந்துகொண்டார். அவர் திட்டவில்லை.

“அண்ணே, நீங்க சொன்னா ஜனங்க நம்புறாங்க. வாங்கன்னீங்க, வந்தாங்க. இப்ப எழுந்து போறாங்க. இனிமே நா என்ன சொன்னாலும் எடுபடாது. நீங்களே வந்து உக்காருங்க.”

அன்பரசு வீரத்தில் உட்காரவில்லை. ஊரே வாசலில் நின்று பார்க்கும்போது ஓட வழியில்லை, அவ்வளவுதான். வாயைத் திறந்தார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கருவி கிர்ரென்றது. காரை சில்லுசில்லாகப் பெயர்ந்து வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கக்கூட இல்லை, அதுவே அவருக்கு அவமானமாக இருந்தது.

“கீழ மூணு பல்லு ஆடுதுண்ணே. ரெண்ட காப்பாத்திடலாம். ஒண்ணுக்கு அடியில எலும்பே இல்ல, அத எடுத்துதான் ஆவணும்” என்றார் தஹ்ஸீன். “எப்பலேர்ந்து ரத்தம் வருது?”

அப்போது வெளியே ராஜாமணி, போன கூட்டத்தை எப்படியாவது திருப்ப வேண்டுமே என்று பழைய பதிவைப் போட்டுவிட்டார். மூன்று வருடத்துக்கு முந்தைய குரல், எல்லாப் பல்லும் உள்ள குரல், கணீரென்று வந்தது. வாய் நிறையப் பஞ்சோடு இருந்த அன்பரசு ஒன்றும் பேச முடியாமல் ஜன்னல் பக்கம் விரலை நீட்டினார். தஹ்ஸீனுக்குப் புரிந்துவிட்டது.

“அப்பவே வந்திருந்தா ஒரு பல்லும் போயிருக்காதுண்ணே.”

‘நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள், இன்றே வாருங்கள்!’ என்றது வெளியே குரல். அத்தனை தெருவில் அதைச் சொன்னவர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். கண்ணில் நீர் முட்டியது. வலியால் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

“நோவுதாப்பா?” என்று வாசலிலிருந்து கொளஞ்சியம்மாள் என்ற பூக்காரம்மா கேட்டார். இல்லை என்று அன்பரசு தலையாட்டினார். வாயைத் திறக்காமல் அவர் சொன்ன அந்த ஒன்றை நம்பித்தான் வரிசை மறுபடி நின்றது. அவருக்கு அடுத்து ராஜாமணி உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் கிளினிக்கில் அந்தப் பல் போயிற்று. இப்போது அன்பரசு காலையும் இரவும் பக்தியோடு துலக்குகிறார். மற்ற இரண்டு பல்லும் நிற்கின்றன. ‘சுத்தம்’ என்று சொன்னால் மட்டும் லேசாக விசில் வருகிறது. மங்கலம்பேட்டை முகாமுக்குப் புதிதாகப் பதிவு செய்யலாமா என்று அவர் கேட்டபோது, “பழசே நல்லா இருக்குண்ணே, அதுவே இருக்கட்டும்” என்றார் தஹ்ஸீன்.

ஆகவே முகாம் நாட்களில் அவர் ஆட்டோவில் பேசாமல் உட்கார்ந்து வருகிறார். ‘இன்றே வாருங்கள்’ வரும் இடத்தில் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். ராஜாமணி குறைப்பதில்லை.