மேடைக்குப் போகாத சீட்டு

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். எதற்கும் யார் முன்னாலும் போய் நின்றதில்லை. கம்பத்தில் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்களே, அந்தக் கச்சேரி மண்டபம், அங்கேதான் முதல் தடவையாகக் கெஞ்சினேன்.

என் கடைசி மகன் கச்சேரிகளில் டிரம்ஸ் அடிப்பவன். ஏழு வருடத்துக்கு முன்னால் அவன் அக்காளின் கல்யாண வரவேற்பு அதே மண்டபத்தில் நடந்தது. பெண்ணுக்குத் தம்பி வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரைக் கும்பிட்டு அழைக்க வேண்டும். இவன் மேடையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தான். அப்போதெல்லாம் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி முன்வரிசையில் கொடுப்போம். கை மாறிக் கை மாறி மேடைக்குப் போய்விடும். நானும் எழுதிக் கொடுத்தேன்: ‘இறங்கி வா.’ அந்தப் பாட்டு முடிந்ததும் என் முன்னால் வந்து நின்றான்.

“கொட்டடிக்கிறவன நான் பெறல. இனி என் வாசல்ல கால் வைக்காத” என்றேன், சம்பந்திகள் கேட்க.

அவன் வைக்கவேயில்லை.

இப்போது என் வீட்டுக்காரர் கை கால் விழுந்து மூன்று மாதமாகக் கட்டிலில் கிடக்கிறார். வாயில் வருவது “சின்னவன்” என்ற ஒரு சொல்தான். பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லிவிடுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பெரியவன் எனக்குத் தெரியாதென்று நினைத்துப் போன் போட்டாலும் தம்பி எடுப்பதில்லை.

அப்படியிருக்கையில்தான் பேத்தியின் போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். புது மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கச்சேரி. டிரம்ஸுக்குப் பின்னால் அவன் முகம். இந்த வீட்டில் யாரும் அவனைத் தேடக்கூடாது என்று சொன்னவள் நான். அதனால் கண் பார்க்க முகாமுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, கோம்பையில் பஸ் ஏறி, உத்தமபாளையத்தில் மாறிப் போனேன். இடுப்பில் ஒரு சீட்டு வைத்திருந்தேன். இரண்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நானே எழுதியது: ‘அய்யா கிடையாக் கிடக்காக. அம்மா கூப்பிடுறேன். வா.’ ‘கூப்பிடுறேன்’ என்று எழுத மூன்று தாள் கிழிந்தது.

கண்ணாடிக் கதவு நான் தொடுமுன்னே தானாகத் திறந்தது. உள்ளே போனால் பகல் இல்லை. முன்பு இரண்டு பக்கமும் சன்னல் இருக்கும், மலை தெரியும். இப்போது சன்னலையெல்லாம் அடைத்து, சுவர் முழுக்கக் கறுப்பு மெத்தை ஒட்டியிருக்கிறார்கள். குளிர் முழங்காலில் ஏறியது. மேடையை என் தலைக்கு மேலே உயர்த்தி, முன்னால் இரும்புக் கம்பியும் போட்டுவிட்டார்கள். முன்பு அதன் விளிம்பில் கை ஊன்றி நிற்கலாம்.

வாசலில் நின்ற காவலாளியிடம் சீட்டை நீட்டினேன். “மேடைக்குக் குடுக்கணும் தம்பி.”

“இப்ப சீட்டெல்லாம் வாங்குறதில்ல ஆத்தா. எழுதிக் கொண்டாந்துட்டீகன்னா அந்தா பெட்டி இருக்கு, அதுல போடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான்.

போட்டேன். போய் உட்கார்ந்தேன். சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. அவன் மெலிந்திருந்தான். விளக்கு முழுவதும் மேடை மேலேயே விழுந்தது. நான் இருட்டுக்குள் முந்தானையை வீசினால் அவனுக்கு எங்கே தெரியும்? ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரும் அதைத் திறக்கவில்லை.

பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: “என்ன அத்தை, அங்கனயே பாக்குறீக?”

“ஒரு சீட்டு போட்டேன். இன்னும் எடுக்கலையே.”

“அது மண்டபம் எப்பிடியிருக்குன்னு எழுதிப் போடுற பெட்டில்ல? ஏசி பத்தலன்னு எழுதிட்டீகளாக்கும்” என்று சிரித்தாள்.

எழுந்து முன்னால் போவதற்குள் திரை மூடிவிட்டது. பின்பக்கம் ஓடினேன், பழைய கதவு இருந்த இடத்தில் சுவர். வழி தெரியாமல் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது கச்சேரிக்காரர்களின் வேன் குமுளி ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.

காவலாளியிடம் திரும்பி வந்தேன். “பெட்டியத் தொறந்து குடு சாமி. டிரம்ஸ் அடிச்சது எம் மகன். ஒன் கால்ல வேணும்னாலும் விழுறேன்.” அவனுக்கு என் பேரன் வயதுதான் இருக்கும்.

பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். “சாவி ஓனர்கிட்ட இருக்கு ஆத்தா. மாசத்துக்கு ஒருக்கத்தான் தொறப்பாக. அழாதீக. கச்சேரிக்காரவுக ஸ்பீக்கர் ரெண்டு இங்கன கெடக்கு. புதன்கிழமை எடுக்க வருவாக. வேற எழுதிக் கொண்டாங்க, நானே ஒங்க மகனுக்குச் சேர்ற மாதிரி கையில குடுக்கேன்.”

அதுதான் என் கையில் இருக்கும் இந்தக் கடிதம். மூன்று நாளாக எழுதுகிறேன். சின்னச் சீட்டில் சொன்னது போதாது என்று தோன்றியது. அன்றைக்குச் சம்பந்திகள் முன்னால் சொன்னது தப்பு என்பதையும் சேர்த்திருக்கிறேன். நாளைக்குப் புதன்கிழமை. அவர் இன்று காலையிலிருந்து கஞ்சியும் குடிக்கவில்லை. இதோ, பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள்.

இந்தா ஆத்தா, பள்ளிக்கூடத்துப் பையை அங்கன வச்சிட்டு இப்படி வா. தப்பு இருந்தா அப்புறம் திருத்திக்கலாம். மொதல்ல ஒன் தாத்தா காதுல விழுற மாதிரி, கட்டில்கிட்ட உக்காந்து இத எனக்குப் படிச்சுக் காட்டு.