முப்பது குடும்பத்துத் தமிழ்ப் பூசை

இருதயராஜுக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். பாலாநகர் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடமாகத் தெலுங்கில்தான் வேலை வாங்கினார், தெலுங்கில்தான் சண்டை போட்டார். குகட்பள்ளி மார்க்கெட்டில் அவர் பேரம் பேசுவதைக் கேட்டால் குண்டூர்க்காரர் என்றே நினைப்பார்கள். மகள் அனுபமாவிடம் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்லுவாள். அதிலும் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. செய்த பாவம் மட்டும் தெலுங்கில் வாய்க்கு வராது.

ஒருமுறை முயன்று பார்த்தார். பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு, வலைக்கு அந்தப் பக்கம் இருந்த தெலுங்குச் சாமியாரிடம் வாயைத் திறந்தார். வந்தது மார்க்கெட் குரல். தன்னைப் பற்றிச் சொல்வதற்குப் பதில், யார் மேலோ புகார் கொடுப்பது போல அவருக்கே கேட்டது. பாதியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

அவர் சொல்ல வேண்டிய பாவம் ஒன்றே ஒன்றுதான். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் அம்மா சாகக் கிடந்தபோது தொழிற்சாலையில் பெரிய ஆர்டர் ஒன்று கிளம்ப வேண்டியிருந்தது. இருதயராஜ் தரப் பரிசோதகர். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது நடந்தது 1998இல். அதிலிருந்து மாதம் தவறாமல், இரண்டாவது ஞாயிறு மூன்று மணிக்குத் தமிழ்ப் பூசை வைக்க வரும் சவரிநாதன் சாமியிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருதயராஜ், இத நான் போன மாசமே மன்னிச்சாச்சுப்பா" என்பார் சாமி.

"தெரியும் சாமி. இன்னொரு தடவ."

சாமியும் மன்னிப்பார். மனிதருக்கு வேறு வழி ஏது?

2004 ஜனவரியில் இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தது. கோயில் பொறுப்புக்குப் புதிதாக வந்த பங்குச்சாமி லோபோ மங்களூர்க்காரர், எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். ஒரு நாள் தமிழ்ப் பூசையின்போது கோயிலுக்குள் எட்டிப் பார்த்தார். பெரிய கோயில். அதில் ஆங்காங்கே ஒன்பது குடும்பம். குகட்பள்ளியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தமிழ்க் கத்தோலிக்கப் பையன்கள் நிறைய உண்டு. ஆனால் ஆங்கிலப் பூசை நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் அங்கே போய்விடுவார்கள். முப்பது குடும்பமாவது இருந்தால்தான் தமிழ்ப் பூசை, ஒரு வாரத்தில் பட்டியல் வேண்டும் என்று லோபோ சாமி சொல்லிவிட்டார்.

இருதயராஜுக்குக் கை கால் ஓடவில்லை. தமிழ்ப் பூசை நின்றால் அம்மாவை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

அப்போதுதான் சக்ரபாணி மாடிப்படியில் எதிரே வந்தார். மேல் வீட்டுக்காரர், ஐயங்கார். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம்; பேச்சில் ஹைதராபாத் உருது கலந்துவரும். விஷயத்தைக் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை.

"முப்பது குடும்பம் தமிழ் பேசணும், அவ்வளவுதானே? நானும் வேதவல்லியும் வரோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆத்துல உக்காந்து என்ன பண்றோம்? தமிழ்ல யாராவது ரெண்டு வார்த்தை பேசிக் கேட்டாத் தேவலைன்னு இருக்கு. வேற ஆளும் சொல்றேன். இதுக்குக் காய்கு, எதுக்கு இப்படி பயப்படறேள்?"

அப்படியாக ஆள் சேர்ந்தது. கீழ்த் தளத்தில் தமிழ்ச்செல்வன் என்று ஈரோட்டுப் பையன் ஒருவன், சாஃப்ட்வேர். கடவுளே கிடையாது என்று சட்டையைப் பிடித்து வாதாடுகிறவன். "எனக்குச் சாமி நம்பிக்கையெல்லாம் இல்லீங்க சார். ஆனா தமிழுக்கு ஒரு பிரச்சினைன்னா நான் வர்றனுங்க" என்று அவனும் சேர்ந்தான். நண்பர்களையும் இழுத்து வந்தான்.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பட்டியல் தயாரானது. தமிழ்ச்செல்வன் பிரச்சினையில்லை, கத்தோலிக்கனுக்கும் அந்தப் பெயர் இருக்கலாம். சக்ரபாணியை என்ன செய்வது? இருதயராஜ் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு 'சக்கரியாஸ்' என்று எழுதினார். வேதவல்லி 'வேதமேரி' ஆனாள்.

மனைவி லூர்துமேரி எட்டிப் பார்த்தாள். "ஞானஸ்நானம் குடுக்க நீங்க யாருங்க? அதுவும் பால்பாயிண்ட் பேனாவுல?"

"கோயில் நல்லதுக்குத்தான், லூர்து."

"இருபத்தஞ்சு வருசமா ஒரு போல்ட்டுக்குக் கூடப் பொய்யா முத்திரை குத்தாத ஆளு. இப்ப இருபத்தோரு குடும்பத்துக்குக் குத்துறீங்க."

அது உண்மைதான். இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிப்ரவரி பூசையில் கோயில் நிறைந்தது. எப்போது எழுந்திருப்பது, எப்போது மண்டியிடுவது என்று இருதயராஜைப் பார்த்து இருபத்தோரு குடும்பமும் செய்தது. அவருக்குத் தும்மல் வந்தபோது நாலு பேர் கைக்குட்டை எடுத்தார்கள். தமிழ்ச்செல்வன் முதல் வாசகத்தை வாசித்தான். ழகரமும் ளகரமும் அவ்வளவு சுத்தமாக அந்தக் கோயிலில் அதுவரை ஒலித்ததில்லை. சவரிநாதன் சாமி பீடத்திலிருந்தே தலையை ஆட்டினார். பூசை முடிந்ததும் லூர்துமேரியின் டீயோடு வேதவல்லியின் புளியோதரையும் வந்தது. அந்த வாசனைக்கு ஆங்கிலப் பூசையிலிருந்து இரண்டு நிஜக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அடுத்த மாதமே இந்தப் பக்கம் வந்துவிட்டன.

ஒரு விஷயத்தில் மட்டும் இருதயராஜ் கண்டிப்பு. நன்மை எனும் அப்பம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும்; அதை வாங்கப் போகும்போது புது ஆட்கள் யாரும் எழுந்து வரக்கூடாது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இதையும் லோபோ சாமி எட்டிப் பார்த்திருக்கிறார். தவக்காலத்தில் ஆங்கிலப் பூசைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்: "தமிழர்களைப் பாருங்கள். நன்மை வாங்கத் தங்களுக்குத் தகுதியில்லை என்று எத்தனை பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! நீங்கள் பஸ்ஸுக்கு ஓடுவது போல ஓடிவருகிறீர்கள்." அன்று அந்தப் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் இருந்த இருதயராஜுக்குத் தரைக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

அந்தப் புகழ்ச்சிதான் வினையானது. ஈஸ்டர் முடிந்ததும் வீடு மந்திரிப்பார்கள். சாமியார் வீடு வீடாகப் போய்த் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பார். இந்த வருடம் தமிழர் வீடுகளிலிருந்து தொடங்குகிறேன், இருதயராஜே கூட வந்து வீட்டைக் காட்டட்டும் என்று லோபோ சாமி அறிவித்துவிட்டார்.

இருதயராஜ் மேல் வீட்டுக்கு ஓடினார். "சார், வீட்ட பூட்டிட்டு எங்கயாவது போயிருங்க சார்."

"நக்கோ நக்கோ, அதெல்லாம் வேண்டாம். ஒரு பெரியவர் ஆத்துக்கு வரேன்னா பூட்டிண்டு போவாளா? வரட்டும்யா" என்றார் சக்ரபாணி.

வந்தார். வாசலில் புதுக்கோலம். பூஜை அறைக்குத் திரை போட்டிருந்தது; திரையில் சங்கும் சக்கரமும் ஜரிகையில் மின்னின. சாமி ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். அதற்குள் வேதவல்லி முந்தானையை மடித்து, அதன்மேல் வலது கையைக் குழித்து நீட்டியபடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். லோபோ சாமி அந்தக் கையைப் பார்த்தார். இருதயராஜைப் பார்த்தார். பிறகு மூன்று சொட்டு விட்டார். அவள் உறிஞ்சிக் குடித்து, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டாள்.

"உப்புக் கரிக்கிறதே. துளசி போடறதில்லையா?" என்று கணவரிடம் கேட்டாள்.

அத்தோடு விட்டாளா? வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, சடாரிக்காகக் காத்து நின்றாள். பெருமாள் கோயிலில் தீர்த்தம் கொடுத்தால் அடுத்து தலையில் சடாரி வைக்க வேண்டும். அது வராமல் அவள் நிமிரமாட்டாள். அரை நிமிடம் போயிற்று. இருதயராஜுக்கு உயிரே போய்விட்டது. கடைசியில் லோபோ சாமி தன் கையையே அவள் தலையில் வைத்தார். நிம்மதியாக நிமிர்ந்தாள்.

தமிழ்ச்செல்வன் தன் வீட்டில் கம்ப்யூட்டர் மேல் தண்ணீர் படாமல் தெளிக்கும்படி கேட்டுக்கொண்டான். "எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. ஆனா பூசைக்குத் தவறாம வந்துடறேன்னு சொல்லுங்க சார்" என்றான். இரண்டாவது பாதியை மட்டும் இருதயராஜ் தெலுங்கில் சொன்னார். சாமி கம்ப்யூட்டரை விட்டுச் சுவரில் தெளித்தார். இருபத்தோரு வீட்டையும் மந்திரித்துவிட்டுப் போனார்.

தப்பித்தாயிற்று. தமிழ்ப் பூசைக்கு இனி பயமில்லை. ஆனால் இருதயராஜால் சோறு தின்ன முடியவில்லை. குருவானவரிடமே பொய்க் கையெழுத்து! மே மாதம் இரண்டாவது ஞாயிறு சவரிநாதன் சாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். வலைக்கு அந்தப் பக்கம் நீண்ட இருமல் கேட்டது. சாமி சிரிப்பை அடக்குகிறார் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"அந்த வாசகம் வாசிக்கிற தம்பி?"

"கடவுளே இல்லைங்கிறான் சாமி."

இன்னொரு இருமல். பிறகு சாமி குரலை இறுக்கிக்கொண்டார். "சரி. போய் லோபோ சாமிகிட்ட நீயே சொல்லிரு. அதான் அபராதம்."

"ஐயோ சாமி, அவருக்குத் தமிழ் தெரியாது. தெலுங்குலல்ல சொல்லணும்? வேற ஏதாச்சும் குடுங்க. அம்பத்துமூணு மணி ஜெபம் பத்துத் தடவ சொல்லிர்றேன்."

"தெலுங்குலயே சொல்லு."

மறுநாள் மாலை ஆறு மணிக்குப் பங்கு அலுவலகத்துக்குப் போனார். லோபோ சாமி தனியாக இருந்தார். இருதயராஜ் உட்காராமல் தெலுங்கில் தொடங்கினார். ஒன்பது குடும்பம், இருபத்தோரு பொய், சக்கரியாஸ் உண்மையில் சக்ரபாணி, எல்லாம். மார்க்கெட் குரலிலேயே சொன்னார்.

"அந்த அம்மாள் கையைக் குழித்தபோதே தெரியும்" என்றார் லோபோ சாமி.

"அப்புறம் ஏன் சாமி மந்திரித்தீர்கள்?"

"என் பங்கில் இதுவரை ஒருவரும் என் கைக்காக அப்படிக் காத்து நின்றதில்லை. அதை விடுங்கள். தெலுங்கு இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள். தமிழ்ப் பூசைக்கு எதற்கு இந்தப் பாடு?"

இருதயராஜ் பதில் சொல்லத் தொடங்கினார். அம்மா என்று ஆரம்பித்து, ஆர்டர், லீவு, காப்பி டம்ளர்கள் என்று போனார். எந்த இடத்தில் தெலுங்கு நின்று தமிழ் வந்தது என்று அவருக்கே தெரியாது. கண்ணீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். லோபோ சாமிக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

முடிந்ததும் சாமி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, மேஜைக்கு இந்தப் பக்கம், இருதயராஜுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மெதுவாகப் பேச ஆரம்பித்தார். இருதயராஜ் முதலில் ஆங்கிலம் என்று நினைத்தார். இல்லை, கொங்கணி. மங்களூர் என்பது இரண்டு தடவை வந்தது, ஜோசப் என்ற பெயர் பல தடவை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. சாமி தரையைப் பார்த்தே பேசினார். நடுவில் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. பேசி முடித்துத் தலையைக் குனிந்து அப்படியே இருந்தார்.

இருதயராஜ் கிளம்பும்போது சாமி தெலுங்கில் சொன்னார்: "தமிழ்ப் பூசை இருக்கும். பட்டியலை மட்டும் மாற்றி எழுதுங்கள். சக்ரபாணி சக்ரபாணியாகவே வரட்டும்."

வீட்டு வாசலிலேயே லூர்துமேரி நின்றாள்.

"திட்டுனாராங்க?"

"இல்ல."

"பூசை?"

"இருக்கு."

"பின்ன ரெண்டு மணி நேரமா என்ன பண்ணீங்க?"

"அவரும் சொன்னாரு, லூர்து."

"என்னத்த?"

"தெரியல. அவங்க ஊர்ப் பாஷை. ஆனா ரொம்ப வருசமா உள்ளயே வச்சிருந்திருக்காரு, பாத்தாலே தெரியுது. சொல்லி முடிச்சிட்டு என் முன்னாடி தலையக் குனிஞ்சு உக்காந்திருக்காரு. நான் என்ன செய்ய?"

"என்ன செஞ்சீங்க?"

இருதயராஜ் செருப்பைக் கழற்றினார். "தலையில கைய வச்சேன். அபராதமா மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லிட்டு வந்தேன்."