அறுபதாவது ரப்பர் பேண்ட்

மீட்டரம்மாவுக்குச் சந்தேகம் என்பது சம்பளத்தோடு வந்த குணம். குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறாள். வாசலோரத்து இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, குனிந்து, டார்ச் அடித்து, கண்ணாடியைத் துணியால் துடைத்து எண்ணைக் குறித்துக்கொள்வாள். அந்தக் குழிக்குள் மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். காந்தம் வைப்பார்கள். கண்ணாடியில் சேறு பூசுவார்கள். ஒரு வக்கீல் மீட்டரையே திருப்பி மாட்டிவைத்திருந்தார். போன மாதத்தைவிட எண் குறைந்திருக்கிறதே என்று கேட்டதற்கு, "இந்த மாசம் நாங்க குளிக்கவே இல்லம்மா" என்றார். அன்றிலிருந்து யாராவது அவளைப் பார்த்து அளவுக்கு மீறிச் சிரித்தால் முதல் வேலையாக மூடியைத் தூக்கிப் பார்ப்பாள்.

வீட்டிலும் அதே கண்தான். கணவர் பூட்டு ரிப்பேர்க்காரர், மார்க்கெட் முனையில் சின்னக் கடை. ஊரில் எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார், தன் வாயை மட்டும் திறக்க மாட்டார். "ஏதாவது பேசுங்களேன்" என்றால் "என்ன பேச" என்பார். மறைக்க ஒன்றும் இல்லாதவன் எதற்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது மீட்டரம்மாவின் கட்சி.

அப்படிப்பட்டவள் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிக்கு வந்து சேர்ந்ததற்கு நாய்கள்தான் காரணம். மீட்டர் பார்க்கிற வேலையில் ஓடத் தெரியாதவர் நிலைக்க முடியாது. சைக்கிளை வாரியமே கொடுத்தது. பாக்கி இருந்தது நீச்சல். அதை நாற்பது வயதுக்கு மேல் ஊர் ஏரியில் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தது நாத்தனார், கணவரின் தங்கை, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "கையை விட்டுற மாட்டியே?" என்று மீட்டரம்மா நூறு தடவை கேட்டாள். "சத்தியமா விட மாட்டேன் அண்ணி" என்று நூறு தடவை சொன்னாள் நாத்தனார். நூற்றியோராவது தடவை விட்டுவிட்டாள். மீட்டரம்மா இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து, கையைக் காலை உதறி, நீந்திவிட்டாள். நீச்சல் வந்ததை அவள் மறந்துவிட்டாள், கையை விட்டதை மட்டும் மறக்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் ஊரிலேயே போட்டி நடக்கும். ஏரியில் நீச்சல், ஏரியைச் சுற்றிச் சைக்கிள், அப்புறம் தெருக்களில் ஓட்டம். நாற்பது வயது தாண்டிய பெண்கள் பிரிவில் மூன்று வருடமாக நாத்தனார் முதல், மீட்டரம்மா இரண்டாவது. போன வருடம் வித்தியாசம் பன்னிரண்டே விநாடி. அதுவும் சைக்கிளிலிருந்து இறங்கும்போது காலை நொண்டிக்கொண்டு இறங்கியவள், ஓட்டத்தில் மான் மாதிரிப் பறந்தாள். நொண்டிக்கு எப்படி அந்த வேகம் வந்தது? மீட்டரம்மாவிடம் விடை இருந்தது. பேக்கரிச் சந்து.

அச்சகத்துத் திருப்பத்தில் ஓட்டக்காரர்கள் நேரே போய், மேல்நிலைத் தண்ணீர் டேங்கை ஒரு சுற்றுச் சுற்றி, பெரிய ரோட்டுக்கு வர வேண்டும். வலப்பக்கம் பேக்கரிச் சந்தில் நுழைந்தால் டேங்கையே பார்க்காமல் அதே பெரிய ரோட்டுக்கு வந்துவிடலாம். முக்கால் கிலோமீட்டர் மிச்சம். அந்தச் சந்தில் பதினேழு தண்ணீர் மீட்டர் இருக்கிறது. மீட்டரம்மாவுக்கு அது தன் வீட்டு நடை போல.

ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கத்தான் ரப்பர் பேண்ட். தண்ணீரிலிருந்து ஏறும்போது சிவப்பு, சைக்கிள் திரும்பும் இடத்தில் நீலம், டேங்கடியில் மஞ்சள் என்று கையில் மாட்டுவார்கள். முடிவுக்கோட்டில் மூன்றும் இருந்தால்தான் கணக்கு. ஆனால் மஞ்சள் பேண்ட் முன்கூட்டியே கையில் கிடைத்துவிட்டால்? இந்த வருடம் டேங்கடியில் நின்று மஞ்சள் பேண்ட் மாட்டும் பொறுப்பை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? பூட்டுக்காரருக்கு. நாத்தனாரின் கூடப்பிறந்த அண்ணனுக்கு.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் மஞ்சள் பேண்ட் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து தன் சாமான் பெட்டியில் வைத்தார். பூட்டுக்காரர் வீட்டில் பூட்டாத பெட்டி அது ஒன்றுதான். அவர் குளிக்கப் போனதும் மீட்டரம்மா எண்ணிப் பார்த்தாள். அறுபது. விடிந்ததும் அவர் சட்டை போட்டுக்கொண்டிருக்கையில் மறுபடி எண்ணினாள். ஐம்பத்தொன்பது.

முதல் பரிசு போனால் போகிறது. இந்த மனிதர், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசத் தெரியாத இந்த மனிதர், தங்கைக்காகத் தன்னை ஏமாற்றுகிறாரா? கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினாள்.

ஏரியில் நாத்தனார் முந்திக்கொண்டாள். சைக்கிளில் மீட்டரம்மா பாதி தூரத்தைப் பிடித்துவிட்டாள். ஓட்டம் தொடங்கியபோது நாத்தனாரின் நீலத் தொப்பி நாற்பது அடி முன்னால் ஆடிக்கொண்டு போனது. அந்தத் தொப்பியைவிட்டு மீட்டரம்மா கண்ணெடுக்கவில்லை.

அச்சகத்துத் திருப்பத்தில் காகிதக் கட்டு இறக்கும் லாரி நின்றது. தொப்பி லாரிக்குப் பின்னால் மறைந்தது. மீட்டரம்மா லாரியைத் தாண்டியபோது, நேரே ரோடு டேங்கை நோக்கி வளையும் இடம் வரை யாரும் கண்ணில் படவில்லை. வலப்பக்கம், சந்துக்குள், நீலமாக ஏதோ ஒன்று சட்டென்று திரும்பியது.

"மாட்டினா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டுச் சந்துக்குள் பாய்ந்தாள்.

முப்பத்தெட்டாம் நம்பர், நாற்பது, நாற்பத்திரண்டு. மூடிகள் காலடியில் தடதடத்தன. பேக்கரியின் பின்வாசலில் ஒருவர் மாவு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தப் பக்கம் ஒரு பொம்பளை ஓடினாளா?"

அவர் பெரிய ரோட்டின் பக்கம் தாடையால் காட்டினார். "காலைலேருந்து ஊரே அங்கதான் ஓடுது."

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவர் தலையிலும் நீலத் தொப்பி இருந்ததைக் கவனிக்க அவளுக்கு நேரம் இல்லை. பெரிய ரோட்டில் ஏறினாள். முன்னால் ஆண்கள் நாலைந்து பேர். நாத்தனார் இல்லை. அதற்குள் எவ்வளவு தூரம் போய்விட்டாள் திருடி! மீட்டரம்மா வாழ்நாளில் எந்த நாய்க்கும் அப்படி ஓடியதில்லை.

முடிவுக்கோட்டில் கடிகாரக்கடைக்காரர் மேசை போட்டு நேரம் குறித்துக்கொண்டிருந்தார். மீட்டரம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"என் நாத்தனார் எப்ப வந்தா?"

"இன்னும் வரலையேம்மா. உங்க பிரிவுல நீங்கதான் ஃபர்ஸ்ட்."

"சும்மா சொல்லாதீங்க. எனக்கு முன்னால சந்துல பூந்து ஓடினா. நான் துரத்திட்டே வந்தேன்."

"எந்தச் சந்துல?"

"பேக்கரிச் சந்து."

கடிகாரக்கடைக்காரர் பேனாவை வைத்தார். "நீங்களும் அதுலயா வந்தீங்க?"

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். சிவப்பு இருந்தது. நீலம் இருந்தது. மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் வேர்வைதான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டுக் குழிக்குள் டார்ச் அடித்தவளுக்கு, யாரோ தன் முகத்திலேயே டார்ச் அடித்த மாதிரி இருந்தது. மானம் போனது.

நாலு நிமிடம் கழித்து நாத்தனார் வந்தாள். மூன்று பேண்டும் கையில் இருந்தன. கோட்டைத் தாண்டியதும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணி வந்துட்டாங்களா?" மீட்டரம்மாவைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அதன் காரணம் மீட்டரம்மாவுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பூட்டுக்காரர் யாருடைய சைக்கிளிலோ வந்து இறங்கினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய விட்டார்.

"என்ன சார், டேங்கடியை விட்டுட்டு வந்துட்டீங்க?" என்றார் கடிகாரக்கடைக்காரர்.

"பேண்டைப் பக்கத்துக் கடைக்காரர்கிட்ட குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"சரி, நீங்களே சொல்லுங்க. இவங்க டேங்கைச் சுத்தினாங்களா இல்லையா?"

பூட்டுக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கூடியிருந்தவர்களையும் பார்த்தார்.

"சுத்தினா," என்றார். "நான்தான் மாட்ட மறந்துட்டேன்." சட்டைப் பையில் கைவிட்டு ஒரே ஒரு மஞ்சள் பேண்டை எடுத்து நீட்டினார். "இந்தா, இவளோடது."

கடிகாரக்கடைக்காரருக்கு உயிர் வந்தது. வழக்கு வம்பு அவருக்கு ஆகாது. "அப்ப தப்பு உங்களோடது. இவங்க ஃபர்ஸ்ட்டுனே எழுதிக்கறேன்."

மீட்டரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். முதல் பரிசு கைநழுவிப் போகிறது, அவள் வாயைத் திறக்கவில்லை. வழியில் சைக்கிளில் தேடி வந்த அண்ணன் "உங்க அண்ணி எங்க?" என்று பதறியதை அவள் கேட்டிருப்பாள். அண்ணன் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேண்டை வாங்கி மாட்டிக்கொண்டால் முடிந்தது. மூன்று வருடக் கனவு. யாரும் கேட்கப்போவதில்லை. ஊரில் எவரை வேண்டுமானாலும் சந்தேகப்படுவார்கள், மீட்டரம்மாவைச் சந்தேகப்படமாட்டார்கள். அதுதான் அவளைச் சுட்டது.

"இவர் பொய் சொல்றார்," என்றாள். "நான் டேங்கடிக்குப் போகவே இல்ல. அவதான் ஃபர்ஸ்ட், எழுதுங்க. என் கடிகாரத்தை நிறுத்தாதீங்க."

"அதான் நிறுத்திட்டேனேம்மா."

"அப்ப மறுபடி ஓட விடுங்க."

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி ஓடினாள். எதிரே வந்தவர்கள் இந்த அம்மா ஏன் எதிர்ப்பக்கமாக ஓடுகிறாள் என்று விலகி வழிவிட்டார்கள். கால் இரண்டும் கெஞ்சின. அச்சகத்துத் திருப்பம் வந்தது. லாரி இன்னும் நின்றது. சந்துப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் நேரே போனாள்.

பின்னால் சைக்கிள் செயின் உரசும் சத்தம் கேட்டது.

"நீங்க எதுக்கு வர்றீங்க?"

"நிஜமாவே சுத்துறியான்னு பாக்க வேணாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு இல்லை. அவர் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"அவ வந்தா, நீ வரல. பின்னால வந்தவங்க எல்லாம் வந்துட்டாங்க, நீ வரல. எங்கயோ மயங்கி விழுந்துட்டேன்னு நெனச்சேன். ஒவ்வொரு தெருவாப் போனேன். கிளினிக்ல எட்டிப் பாத்தேன். சந்துக்குள்ளயும் போனேன். போன வருஷம் கடைசில வந்த நாலு பேருக்குப் பேண்ட் பத்தாமப் போச்சு. உனக்கு இல்லாமப் போயிடக் கூடாதுன்னு ஒண்ணைக் காலைலயே எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். பையில பேண்ட் இருக்கு, உன்னைக் காணோம்."

மீட்டரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். டேங்கின் தூண்களைச் சுற்றி வந்தாள், ஒரு தூணையும் விடாமல். சுற்றி முடித்ததும் நின்று கையை நீட்டினாள். அவர் சைக்கிளிலிருந்து இறங்கி, பையிலிருந்து மஞ்சள் பேண்டை எடுத்து, நீலத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

"அறுபதும் சரியாப் போச்சா?" என்றார்.

தான் எண்ணியதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.