வெளுத்துப் போன பொட்டு

பிள்ளைகளே, போன கிழமை நீங்கள் இரண்டு பேரும் என் கதிரைக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. "அப்பா ஒரே படத்த கலரு, கறுப்பு வெள்ளைன்னு மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே இருக்காரு, ஒரு முடிவுக்கு வரமாட்டேங்குறாரு" என்றது சின்னவன். பொத்தானை அமுக்கினால் முடிந்தது, அதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்றது பெரியவள். உண்மைதான், அமுக்க ஒரு நொடி போதும். அப்படி ஒரு நொடியில் அமுக்கிவிட்டு நான் பட்ட பாட்டை உங்களிடம் சொன்னதில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன், என் குணம் அது. அதனால் எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

போன வருடம் லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கல்யாணம். பெண் வீடு அங்கே, மாப்பிள்ளை வீடு ஹல்துமுல்லைப் பக்கம். அப்போதுதான் பதுளையில் நம் ஸ்டூடியோவில் கேண்டிட் படமும் எடுப்போம் என்று போர்டு போட்டிருந்தேன். ஆளை நிறுத்தி, சிரிங்க என்று சொல்லி எடுக்காமல், அவர்களுக்கே தெரியாமல் எடுக்கிற படம். 'தெரியாமல் எடுக்கும் படத்தில்தான் உண்மை முகம்' என்று கண்ணாடியில் எழுதியும் ஒட்டியிருந்தேன். அந்த வரியை நானே யோசித்ததில் எனக்கு ஒரு பெருமை.

பெண்ணின் தகப்பன் கல்யாணத்துக்கு வரவில்லை. கொழும்பில் கடை வேலை, லீவு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார்கள். தாய்மாமன்தான் தாரை வார்த்துக் கொடுத்தார். நிற்க வைத்து எடுக்கும் படங்களுக்கு மட்டும் வந்து நின்றுவிட்டு, பெண்ணின் தாய் மறுபடி மறுபடி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் சோற்று அண்டாக்கள் இருந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தார். அங்கே பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஒரு அம்மா அவர் காதில் ஏதோ சொன்னார். தாய் வாயைப் பொத்தவும் மறந்து, தலையை நிமிர்த்திச் சிரித்தார். நான் வாழை மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்துவிட்டேன். அன்று எடுத்த அறுநூறு படத்தில் அதுதான் படம்.

ஆனால் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தபோது மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. மேலே கட்டியிருந்த நீலத் தறப்பாள் வழியாக வெயில் இறங்கி, இரண்டு பேர் முகமும் நீல மை பூசின மாதிரி இருந்தது. நீலத்தைக் குறைத்தால் சேலை நிறம் மாறியது. சேலையைச் சரி செய்தால் பல் மஞ்சளாகப் போனது. பின்னால் செம்மஞ்சள் பிளாஸ்டிக் கதிரைகள், நசுங்கிய அண்டா, கொடியில் காயும் துணி. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், வந்து பார்த்தேன், மறுபடி எழுந்தேன். கடைசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். எல்லாத் தொல்லையும் அடங்கிவிட்டது. முகம் இன்னும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியட்டும் என்று சிவப்பு இருந்த இடங்களின் வெளிச்சத்தை மட்டும் ஏற்றினேன். நம் தோலில் சிவப்புத்தான் அதிகம், அதை ஏற்றினால் முகம் வெளுக்கும் என்று போனில் வீடியோ பார்த்துக் கற்றிருந்தேன். வெளுத்தது. அல்பத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன். அந்த ஒரு பக்கம்தான் கறுப்பு வெள்ளை.

அல்பம் கொடுத்து ஒரு மாதம் இருக்கும். பகல் நேரம், அந்தத் தாய் தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தார். முதல் நாள் ஹல்துமுல்லைக்குப் போய் மகளிடம் அல்பத்தை வாங்கி, ஒரு துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கிருந்து நேரே பதுளைக்கு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"என் பொட்டு எங்க தம்பி?"

பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் சிவப்பை ஏற்றியபோது முகத்தோடு சேர்ந்து குங்குமமும் வெளுத்துப் போயிருந்தது. கழுத்து மஞ்சள் கயிறு சேலையோடு கலந்துவிட்டது. பக்கத்தில் நிற்கும் அம்மா புருஷனை இழந்தவர், அவர் நெற்றியில் எப்போதும் ஒன்றும் கிடையாது. படத்தில் இரண்டு நெற்றியும் ஒன்று போல இருந்தன. எத்தனை தடவை பார்த்த படம் அது. முகத்தைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். சம்பந்தியம்மா அல்பத்தைப் புரட்டிவிட்டு மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். நிற்க வைத்து எடுத்த படத்தில் எல்லாம் உங்கம்மா பொட்டோடு இருக்கிறார், தெரியாமல் எடுத்த படத்தில் மட்டும் ஏன் இல்லை? உங்கப்பா கொழும்பில்தான் இருக்கிறாரா, இல்லை செத்ததை மறைத்து உன்னை இங்கே கட்டிக் கொடுத்தார்களா? மகள் மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் கண்ணாடியில் எழுதி ஒட்டிய அதே வரியைத்தான் அந்தச் சம்பந்தியம்மா வேறு விதமாகக் கேட்டிருந்தார். எனக்கு அது குத்தியது.

அண்ணனை, அவர் புருஷனைத்தான் அப்படிச் சொன்னேன், ஒரு தடவை சம்பந்தி வீட்டோடு போனில் பேசச் சொன்னால் சரியாகிவிடுமே என்றேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

"அவரு பேசி நாலு வருசமாச்சு தம்பி. இருக்காரா இல்லையான்னு எனக்கே தெரியாது. இருக்காருன்னு நெனச்சித்தான் தெனமும் வக்கிறேன். அத நீ அழிச்சிட்டியே."

 சும்மா உட்கார முடியாமல், கறுப்பு வெள்ளைப் படத்தைத் திறந்து நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டை மட்டும் வைத்துக் காட்டினேன். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக இருக்க ஒரு பூ மட்டும் சிவப்பாகத் தெரிவது போல, நிறையப் பேர் கேட்டு வாங்கிப் போகும் வேலை அது. திரையைப் பார்த்ததும் அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"பொணத்துக்கு வச்ச மாதிரி இருக்கு. எடுத்துரு."

புருஷன் இருக்கும்போதே போய்ச் சேரும் பெண்ணைக் குளிப்பாட்டி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துத்தான் தோட்டத்தில் தூக்குவார்கள். சாம்பல் முகத்தில் சிவப்பு. அவர் சொன்னதற்குப் பிறகு எனக்கும் வேறு மாதிரித் தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது முதலில் எடுத்த கலர்ப் படம். அதைத் திறந்து காட்டவே கூச்சமாக இருந்தது. நானும் அப்படி ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவன்தான். அந்த அண்டாவையும் கொடித் துணியையும் யாரிடமிருந்து மறைக்கப் பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இது நல்லா இல்லக்கா, கொஞ்சம் திருத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே திறந்தேன்.

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பொட்டு இருந்தது. தறப்பாள் வெளிச்சத்தில் கருஞ்சிவப்பாக, வியர்வையில் ஒரு பக்கம் இழுபட்டு, ஆனால் இருந்தது.

"மாப்பிள்ள பெரட்டுல பேரு குடுக்க வந்தவன் மாதிரி நிக்கிறாருன்னு சொன்னா" என்றார், பக்கத்தில் நிற்பவரைக் காட்டி. "அதுக்குத்தான் சிரிச்சேன்."

நீங்கள் டவுனில் பிறந்தவர்கள். காலையில் வேலைக்குப் பேர் பதிய வரிசையில் நிற்பதைத்தான் பெரட்டு என்பது. அந்த மாப்பிள்ளை மாலையோடு அப்படித்தான் விறைத்து நின்றார், எனக்கும் சிரிப்பு வந்தது. முகத்தில் இருக்கும் நீலத்தையாவது எடுக்கவா என்று கேட்டேன். அது தறப்பாள் நீலம், அன்றைக்கு இருந்தது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார்.

படத்தை முதலில் மகளின் போனுக்கு அனுப்பினோம். பிறகு அதே அளவில் அச்செடுத்து, பழைய பக்கத்தின் மேல் ஓரம் பிசகாமல் ஒட்டினேன். திருப்தி வராமல் இரண்டு தடவை எடுத்து ஒட்டினேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மின்விசிறியைப் போட்டேன், நிறுத்தினேன், வெளியே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். கால் மணி நேரத்துக்குப் பிறகு மகளிடமிருந்து போன் வந்தது. சம்பந்தியம்மா படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கி நெற்றியைப் பார்த்தாராம், ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு, சரி, உங்கப்பாவை ஒரு நாளைக்கு வரச் சொல்லு என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாராம்.

"வரச் சொல்றோம்னு சொல்லு. நீ மொதல்ல சாப்புடு" என்று சொல்லித் தாய் போனை வைத்தார்.

அல்பத்தைத் துவாயில் சுற்றினார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி, பக்கத்துக் காம்பராக்காரிக்கும் இந்தப் படத்தில் ஒன்று வேண்டும், அடுத்த கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். அந்தத் தகப்பனைப் பற்றி இன்றைக்கு வரை எனக்கு ஒன்றும் தெரியாது.

உடனே அச்செடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். கலர்ப் படத்தைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. ஒரு நெற்றியில் சிவப்பு, பக்கத்து நெற்றியில் ஒன்றும் இல்லை. பார்க்கிற யாருக்கும் முதலில் அதுதான் தெரியும். சிரிக்க வைத்தவர் பக்கத்துக் காம்பரா அம்மா, சுவரில் மாட்டினால் தினமும் அதைத்தான் அவர் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் அது இல்லை. ஆனால் அதில் இந்தத் தாயின் பொட்டு இல்லை. மாற்றிப் பார்த்தேன், மறுபடி மாற்றிப் பார்த்தேன். அந்த அம்மாவிடமே கேட்கலாம் என்றால் அவருடைய போன் நம்பர் என்னிடம் இல்லை.

அந்தத் தாய் கேட்டபடி கலரில் ஒன்றை அச்செடுத்தேன். பிறகு பக்கத்துக் காம்பரா அம்மா மட்டும் வருகிற மாதிரி படத்தை வெட்டினேன். காதில் சொல்லக் குனிந்த முகம், குறும்புக் கண், ஓரத்தில் தாயின் தோள் கொஞ்சம். அதைக் கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று என்று எடுத்தேன். ஈரம் காயும் வரை மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எது வேண்டுமோ அதை அவரே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மூன்றையும் ஒரே உறையில் போட்டு, வாயை ஒட்டாமல் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.